மானிப்பாயிலிருந்து அட்டைக் காட்டுக்கு

மானிப்பாயில் ஏறுவதற்கு மலை இல்லை. மருதடிப் பிள்ளையார் கோயில் தேர்முட்டிப் படிகள்தான் எங்கள் ஊர்ப் பெண்கள் ஏறிப் பழகிய உயரம். அதற்கு மேல் ஏறுவதென்றால் பனையில்தான் ஏறவேண்டும். அது எங்களுக்கு விதித்த தொழில் அல்ல. எங்கள் மாதர் சங்கத்துப் பெண்கள் பதினான்கு பேர் மலைக்காட்டில் நடந்துவிட்டு வந்த கதையை எழுதப்போகிறேன் என்றதும் சங்கத் தலைவி, "அட்டை கடிச்சதை மட்டும் எழுதிப்போடாதேங்கோ, அடுத்த முறை ஒருத்தரும் வரமாட்டினம்" என்றார். நான் அட்டையைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அட்டையிலும் பார்க்க, அதைத் தடுக்கக் காலில் போடுகிற ஒரு துணி உறையைப் பற்றி.

அது 2019 தை மாதம். ஒவ்வொரு வருடமும் சங்கத்தில் சீட்டுப் பிடித்த காசில் மிச்சம் பிடித்து எங்காவது போய் வருவோம். கதிர்காமம், நுவரெலியா, கண்டி என்று எல்லாம் பார்த்தாயிற்று. அந்த வருடம் எங்களில் ஒருவரின் மகள் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தாள். மாத்தளைக்கு அப்பால் றிவஸ்ரன் என்றொரு இடம் இருக்கிறது, நக்கிள்ஸ் மலைத்தொடரில் சேர்ந்தது, குளிரும் முகிலும் காடுமாய் இருக்கும், நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்றாள். போனில் கடைசியாக ஒரு வார்த்தை: "எல்லாரும் அட்டை மேசு கொண்டு வாங்கோ."

எங்கள் பக்கத்தில் அட்டை என்றால் கடலட்டை. அதற்கு ஏன் மேசு என்று ஒருத்தி கேட்க, சங்கக் கூட்டமே சிரித்தது. யாழ்ப்பாணத்தில் குளத்து அட்டை உண்டு. ஆனால் நிலத்தில் நடந்து வந்து காலில் ஏறுகிற அட்டை எங்கள் சுண்ணாம்புக்கல் தரையில் இல்லை. ஈரமும் நிழலும் ஓயாத காடுகளில்தான் அது சீவிக்கும். மழை பெய்த பின் இலைச் சருகின் மேல் ஒரு நுனியை ஊன்றி, மறு நுனியை நிமிர்த்தி, யார் வருகிறார்கள் என்று தேடும். காலடி அதிர்வும் மூச்சும் உடற்சூடும் அதற்குப் போதுமான அடையாளம். நூல் அளவில் இருக்கும். சாதாரணப் பின்னல் மேசின் கண்களுக்குள்ளாலும் நுழைந்துவிடும். குடித்து முடிந்தால் புளியங்கொட்டை அளவுக்கு வீங்கும். கடிக்கும்போது இரத்தத்தை உறையவிடாத ஒரு பொருளைச் செலுத்துவதால், அது விழுந்த பிறகும் காயம் நெடுநேரம் கசியும்.

ஊரில் தையல் மெசின் வைத்திருப்பவள் நான். ஆகவே பதினான்கு சோடி மேசும் என் தலையில் விழுந்தது. அந்தப் பிள்ளை மாதிரிக்கு ஒரு சோடி பார்சலில் அனுப்பினாள். பார்த்தால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. பாதம் முதல் முழங்காலுக்குக் கீழ் வரை வரும் ஒரு பை. மேல் விளிம்பில் நாடா. ஆனால் நெய்த துணியாய் இருக்க வேண்டும், அதுவும் நெருக்கமாய் நெய்தது. நான் காடாத்துணி எடுத்தேன். துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஊசித் துளை போல் வெளிச்சம் தெரிந்ததை ஒதுக்கினேன். வெட்டுவதற்கு முன் நனைத்துக் காயவிட்டேன். காடா சுருங்கும், தைத்த பிறகு சுருங்கினால் குதிக்கால் உள்ளே போகாது. ஒரு காலுக்கு இரண்டு துண்டு, பூட்ஸ் வடிவில். உயரம் உள்ளங்காலிலிருந்து முழங்கால் மடிப்புக்கு நாலு விரல் கீழ் வரை, அதோடு நாடா மடிப்பு. பாத நீளத்துக்கு மேல் இரண்டு விரல் விட்டேன். ஓரங்களை இரண்டு தரம் மடித்து உள்மடிப்பாய்த் தைத்தேன், பிசிறு காலில் உரசக்கூடாது என்று. கடையில் விற்கிற விலையின் கால் பங்கில் முடிந்தது.

தைக்கும்போது ஒரு சோடியில் கையை நிறுத்திவிட்டு யோசித்தேன். எங்களோடு வருவதாகப் பெயர் கொடுத்தவர்களில் ஒரு அக்காவுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. 1990 ஆனியில் மயிலிட்டியிலிருந்து இடம்பெயர்ந்து மானிப்பாய்க்கு வந்தவர். 1995 ஐப்பசிக் கடைசியில் எல்லாரோடும் தென்மராட்சிக்கு ஓடி, அடுத்த வருடம் திரும்பி வந்து, பிறகு ஒரு நாள் வேலியோரத்தில் விறகு பொறுக்கப் போன இடத்தில் மிதிவெடி. யாழ்ப்பாணத்தில் 1987இல் தொடங்கிய ஜெய்ப்பூர் நிறுவனத்தில் செய்த காலோடுதான் அன்றிலிருந்து நடக்கிறார், சைக்கிளும் ஓடுகிறார். அவருக்கு ஒரு மேசு தைப்பதா, இரண்டா? கேட்கக் கூச்சமாய் இருந்தது. கடைசியில் வீட்டுக்கே போய்க் கேட்டேன்.

"ஏன், அந்தக் காலுக்கு மட்டும் குளிராதோ?" என்று கேட்டார். பிறகு தானே சொன்னார்: "ரண்டு தை பிள்ளை. ரப்பர்க் காலை அட்டை கடிக்காது. ஆனா அதிலை ஏறி மேலை வரும். மண்ணும் தண்ணியும் உறைக்குள்ளை போனால் எனக்குத்தான் புண்."

வான் இரவு பத்து மணிக்கு மருதடியில் தேங்காய் உடைத்துவிட்டுப் புறப்பட்டது. கண்டி வீதியைப் பற்றி எழுதுவதற்கு இந்த இதழ் முழுவதும் போதாது. இதை வாசிக்கிற சகோதரிகளில் எத்தனையோ பேர் அந்த வீதியில் நடந்தும், உழவு இயந்திரப் பெட்டிகளில் இருந்தும் பார்த்தவைகளை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனையிறவு வந்தபோது பேச்சு நின்றது. கிளிநொச்சி கடந்ததும் யாரோ வெங்காய வடைப் பொட்டலத்தை அவிழ்த்தார்கள். விடியும்போது தம்புள்ளையைத் தாண்டியிருந்தோம்.

மாத்தளை முத்துமாரி அம்மன் கோயிலில் இறங்கிக் கும்பிட்டோம். அந்தக் கோபுரத்துக்கு முன் நிற்கும்போது பேராதனைப் பிள்ளை ஒரு விசயம் சொன்னாள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்த சனங்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக நடந்து வந்து சேர்ந்த மலைநாட்டு வாசல் இந்த மாத்தளைதான். வெறுங்காலோடு, தலையில் சட்டி பானையோடு, குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு. வழியில் கொலராவிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்கள் பலர். நாங்கள் வந்த வீதியின் ஒரு பகுதி அவர்கள் நடந்த பாதைதான். அதைக் கேட்ட பிறகு வானில் கால் வலிக்கிறது என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

இரத்தோட்டையில் தேத்தண்ணி குடித்த கடையில் ஒரு வயதான அம்மா இருந்தார். தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்ந்தவர். நாங்கள் மேசுகளை எடுத்துப் பரப்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், ஒன்றை வாங்கித் தடவிப் பார்த்தார். "நாங்கெல்லாம் சவுக்காரத்தத் தேச்சுக்கிட்டுப் போவோம் தாயி. மழைல அதுவும் கரைஞ்சிரும். இடுப்புக்குப் படங்கு குடுத்தாங்க, காலுக்கு எங்க குடுத்தாங்க? இந்தச் சீலையெல்லாம் தொரமாருக்குத்தான்" என்றார்.

அவர் சொன்னது எவ்வளவு உண்மை என்பது ஊருக்கு வந்த பிறகு, அந்தப் பிள்ளை கொண்டு வந்து தந்த பழைய நூல்களின் பக்கங்களில் தெரிந்தது. றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கில மாலுமி 1660இல் கண்டி அரசனிடம் பிடிபட்டுப் பத்தொன்பது வருடம் இந்த நாட்டில் இருந்தவர். 1679இல் தப்பி, மன்னாருக்குத் தெற்கே அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். 1681இல் வெளியான அவருடைய புத்தகத்தில் அட்டை வருகிறது. தேசிக்காயையும் உப்பையும் ஒரு துணியில் பொதிந்து தடியில் கட்டி, நடக்கும்போது அடிக்கடி காலில் தட்டிக்கொண்டு போவார்களாம். நல்ல யோசனை, ஆனால் ஒரு கை எப்போதும் அதற்கே வேண்டும். விறகுக் கட்டோ பிள்ளையோ வைத்திருக்கிற பெண் என்ன செய்வாள் என்று அவர் எழுதவில்லை.

அடுத்தது எமர்சன் ரெனன்ற். 1845 முதல் 1850 வரை இங்கே குடியேற்றச் செயலாளராய் இருந்த பிரித்தானிய அதிகாரி. 1859இல் வெளியான அவருடைய இலங்கை நூலில், கோப்பித் தோட்டத் துரைமார் நெருக்கமாய் நெய்த துணியால் செய்த அட்டைக் காலுறை போட்டுக்கொண்டே நடமாடுவதாகச் சொல்கிறார். நான் தைத்ததும் அதே சாமான்தான். நூற்றறுபது வருடத்தில் அந்தத் துணியில் ஒரு மாற்றமும் இல்லை! நாட்டுச் சனங்கள் எண்ணெயும் புகையிலைச் சாம்பலும் தேசிக்காய்ச் சாறும் பூசுவார்கள் என்றும் அதே பக்கத்தில் இருக்கிறது. இன்னொன்றும் எழுதியிருக்கிறார். 1818இல் கண்டிக் கிளர்ச்சியை அடக்க மலைக்குள் போன படையில், சென்னையிலிருந்து கொண்டுவந்த சிப்பாய்களும் சுமை தூக்கிய கூலிகளும் அட்டையால் மிகவும் வருந்தி, பலர் இறந்தே போனார்களாம். ஒரு அட்டை ஒருவரையும் கொல்லாது. நூறு காயம், ஓயாத மழை, புண் பழுத்தல், ஓய்வில்லாத நடை, இவை சேர்ந்தால் கொல்லும். துரைக்கு இரண்டு முழத் துணி இருந்தது. தமிழ்க் கூலிக்கு அந்த இரண்டு முழம் இருக்கவில்லை. இதை வாசித்த அன்று எனக்கு இரவுச் சாப்பாடு இறங்கவில்லை.

சரி, காட்டுக்கு வருகிறேன். கண்டிப் பக்கத்திலிருந்து பார்த்தால் பொத்திய கையின் விரல் முட்டிகள் போலத் தெரிவதால் ஆங்கிலேயர் வைத்த பெயர்தான் நக்கிள்ஸ். சிங்களத்தில் தும்பறை மலை. 2010இல் யுனெஸ்கோ இதை உலக மரபுரிமைப் பட்டியலில், மத்திய மலைநாட்டின் மற்ற இரண்டு காடுகளோடு சேர்த்தது. இரத்தோட்டையிலிருந்து வீதி வளைந்து வளைந்து ஏறுகிறது. ஓரத்தில் மிளகுக் கொடி, மேலே தேயிலை, அதற்கும் மேலே காடு. றிவஸ்ரனில் இறங்கியதும் காற்று எங்களை வானோடு சேர்த்து அடித்தது. சேலைத் தலைப்பைப் பிடிப்பதா, குடையைப் பிடிப்பதா என்று தெரியாமல் நின்றோம். முகில் வீதியைக் குறுக்கறுத்துப் போனது. மரங்கள் குள்ளமாய், பாசி பிடித்து, எல்லாம் ஒரே திசையில் சாய்ந்து நின்றன. எங்கள் ஊரில் பனை எந்தக் காற்றுக்கும் நேராய்த்தான் நிற்கும்.

இனி மேசு போடவேண்டும். நான்தானே தைத்தவள், எனக்கா தெரியாது என்று, சப்பாத்தைப் போட்டுவிட்டு அதற்கு மேலே மேசை இழுத்தேன். சப்பாத்துக்கு மேல் மேசு நனையும், கல்லில் வழுக்கும், பத்து அடியில் கிழியும். அதுகூட எனக்குத் தோன்றவில்லை. இன்னொருத்தி மேசைப் போட்டுவிட்டுக் காற்சட்டைக் காலை அதன் மேல் வெளியே தொங்கவிட்டாள். இன்னொருத்தி முழங்கால் மடிப்பிலேயே நாடாவை இறுக்கிக் கட்டிவிட்டு, கால் விறைக்கிறது என்றாள்.

மயிலிட்டி அக்கா வான் படியில் இருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நிப்பாட்டுங்கோ எல்லாரும்" என்றார். "மேசு போடுறதெண்டால் என்னட்டைக் கேளுங்கோ. நான் இருபது வருசமாய் ஒவ்வொரு விடியவும் போடுறன்."

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. செயற்கைக் காலுக்குள் மிச்சக் கால் நேரே போவதில்லை. அதற்கு முதல் பருத்தி மேசு போடவேண்டும். அந்த மேசில் ஒரு சுருக்கம் விழுந்தால் போதும், பின்னேரம் அந்த இடம் சிவந்து, அடுத்த நாள் புண்ணாகி, ஒரு கிழமை நடக்க முடியாது. காலையில் ஒரு மேசு, மத்தியானம் கால் வற்றினால் அதற்கு மேல் இன்னொன்று. எங்களுக்கு மேசு ஒரு அலங்காரம். அவருக்கு அன்றைய நாளே அதில்தான் தங்கியிருக்கிறது.

அவர் சொல்லித் தந்தபடி எழுதுகிறேன். முதலில் இருந்துகொள்ள வேண்டும். நின்றுகொண்டு, ஒற்றைக் காலில் துள்ளிக்கொண்டு போடக்கூடாது. சாதாரண மேசைப் போட்டு, கால்விரல் நுனியிலிருந்து குதிக்கால் வரை கையால் நீவிச் சுருக்கம் எடுக்க வேண்டும். பிறகு காற்சட்டையின் கீழ் விளிம்பைக் கணுக்காலோடு ஒட்டப் பிடித்து, மிச்சத் துணியை வெளிப்பக்கமாய் ஒரே மடிப்பாக மடிக்க வேண்டும். சேலையோ பாவாடையோ இந்த வேலைக்கு உதவாது. பஞ்சாபிக் காற்சட்டை நல்லது. அந்த மடிப்பு கலையாமல் அட்டை மேசை மேலே இழுக்க வேண்டும். தையல் நேராய் வருகிறதா, குதிக்கால் குதிக்காலில் இருக்கிறதா, விரல்களுக்கு அடியில் துணி திரண்டு கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். நாடாவை முழங்கால் மடிப்புக்கு இரண்டு விரல் கீழே, கெண்டைக்காலின் தடிப்புக்கு மேலே கட்ட வேண்டும். அப்போதுதான் நடக்க நடக்க வழுகி இறங்காது. கட்டிய பின் இரண்டு விரல் உள்ளே போகவேண்டும். போகாவிட்டால் இறுக்கம் கூட. முடிச்சு காலின் வெளிப்பக்கம் வரவேண்டும், இரண்டு காலும் உரசும்போது அவிழாமல் இருக்க. எல்லாவற்றுக்கும் பிறகுதான் சப்பாத்து. துணியின் தடிப்பால் சப்பாத்து இறுகும். அதற்கு முதலே ஒரு அரை அளவு பெரிதாய்ப் பார்த்துப் போட்டு வந்திருக்க வேண்டும். நாங்கள் அதைச் செய்யவில்லை. ஆகவே சிலர் உள் மேசைக் கழற்றவேண்டி வந்தது.

கடைசியாகச் சப்பாத்து விளிம்பிலும் நாடாக் கட்டிலும் சவுக்காரத்தை ஈரமாக்கித் தேய்த்தோம். அது இரத்தோட்டை அம்மாவின் முறை.

நடை இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்று மேல். பாதையோரத்து இலைகளில் எல்லாம் நூல் நூலாய் நிமிர்ந்து ஆடிக்கொண்டிருந்தன. வெள்ளைத் துணியின் பெரிய நன்மை அங்கேதான் தெரிந்தது: ஏறுகிற அட்டை கறுப்பாய்த் தெரியும், சுண்டி எறியலாம். அக்கா தடியை ஊன்றிக்கொண்டு எல்லாருக்கும் நடுவில் நடந்தார். ஒரு இடத்தில் நின்று தன் இடது காலைக் காட்டிச் சிரித்தார். நாலு அட்டை அந்த மேசில் முயன்று ஏறிக்கொண்டிருந்தன. "பாவம், எவ்வளவு தூரம் ஏறினாலும் ஒண்டும் கிடைக்காது" என்றார். முதலில் சிரிக்கலாமா என்று ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். பிறகு காடே அதிரச் சிரித்தோம்.

கோபுரப் பக்கம் திரும்பும் இடத்தில் ஒரு வெள்ளைக்காரச் சோடி எதிரே வந்தது. அவர்கள் போட்டிருந்தது வேறு வகை. பாதம் இல்லாத உறை. சப்பாத்துக்கு மேலே கணுக்காலிலிருந்து முழங்கால் வரை வரும். முன்பக்கம் ஒரு கொளுக்கி, அதைச் சப்பாத்து லேசில் மாட்டுவது. சப்பாத்துக்கு அடியில், குதிக்குச் சற்று முன்னால் உள்ள பள்ளத்தில் ஒரு வார். மேலே இழுத்து இறுக்கும் கயிறு. பனியிலும் சேற்றிலும் முட்புதரிலும் நடப்பவர்கள் உலகமெங்கும் போடுவது இதுதான். முதலாம் உலக யுத்தத்தில் சிப்பாய்கள் காலில் சுற்றிய நீள நாடாவும் இதன் உறவுதான். அதற்கு ஆங்கிலத்தில் வைத்த பெயரே இந்தியிலிருந்து போன 'பட்டி' என்ற சொல், நாங்களும் சொல்கிற பட்டிதான். அந்தப் பெண் நடையில் அடிக்கடி தடுக்கிக்கொண்டு வந்தாள். அக்கா அவளை நிறுத்தி, கையால் சைகை காட்டி, இரண்டையும் கழற்றிக் கால் மாற்றிப் போட வைத்தார். வலமும் இடமும் மாறியதால் வாரின் பூட்டுகள் இரண்டும் உள்பக்கம் வந்து ஒன்றோடொன்று கொளுவிக்கொண்டிருந்தன. பூட்டு எப்போதும் வெளிப்பக்கம். மயிலிட்டியிலிருந்து வந்த ஒரு பெண்ணிடம் தாங்கள் பாடம் படித்ததை அவர்கள் ஊரில் போய்ச் சொல்லியிருப்பார்களோ தெரியாது.

வானுக்குத் திரும்பி வந்து எண்ணிப் பார்த்தால், பதினான்கு பேரில் மூன்று பேருக்குத்தான் கடி. அதில் ஒருத்தி நான். இடது காலில் நாடா இளகி மேசு இறங்கியதை அலட்சியம் செய்திருந்தேன். எங்களோடு வந்த, தாதியாய் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அன்ரி நெருப்பு, உப்பு ஒன்றும் வைக்கவிடவில்லை. அப்படிச் செய்தால் அட்டை குடித்ததைக் காயத்துக்குள்ளேயே கக்கும் என்றார். ஒடுங்கிய நுனிதான் வாய்; அதன் அடியில் நகத்தை வைத்துத் தள்ளி, பிறகு மற்ற நுனியைத் தள்ளினார். சவுக்காரம் போட்டுக் கழுவி, துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டிரு என்றார். மாத்தளை வரும் வரை பிடித்துக்கொண்டிருந்தேன். கழற்றும்போதும் ஒழுங்கு உண்டு: முதலில் சப்பாத்து, பிறகு நாடா, மேசை உள்பக்கம் வெளியே வரும்படி உரித்து, வானுக்கு வெளியே நின்று உதறிப் பார்க்க வேண்டும்.

இவ்வளவோடு கதை முடிந்திருக்கும். ஆனால் வீடு வந்து ஒரு கிழமையில் அக்கா பழைய ஜீன்ஸ் காற்சட்டை இரண்டைக் கொண்டு வந்து மெசின் மேல் வைத்தார். "அந்த வெள்ளைக்காரப் பெட்டை போட்டிருந்ததுபோல எனக்கு ஒரு சோடி."

2018 சித்திரையில் வலிகாமம் வடக்கில் ஒரு பகுதிக் காணிகள் விடுவிக்கப்பட்டபோது, மயிலிட்டியில் அவருடைய காணியும் விடுபட்டிருந்தது. இருபத்தெட்டு வருடப் பற்றை. வீதியில் நின்று பார்த்துவிட்டு வந்தாரே தவிர, உள்ளே காலடி வைக்கவில்லை. பயம் எதற்கு என்று நான் கேட்கவில்லை.

ஒன்றை இங்கே தெளிவாய்ச் சொல்லவேண்டும். துணியோ தோலோ எந்தக் காலுறையும் மிதிவெடிக்கு உதவாது. சிவப்பு மண்டையோட்டுப் பலகை நிற்கிற காணிக்குள், பலகை விழுந்து கிடந்தாலும் சரி, கால் வைக்கக்கூடாது. இலங்கை 2017 மார்கழியில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது; வெடி அகற்றும் வேலையில் எங்கள் பெண்களே ஆயிரக்கணக்கான மணித்தியாலம் முழங்காலில் இருந்து மண்ணைச் சுரண்டியிருக்கிறார்கள். அவர்கள் பார்த்து முடித்து, கிராம சேவையாளர் மூலம் அறிவித்த பிறகுதான் எங்கள் வேலை. அக்காவின் காணிக்கு அந்த அறிவிப்பு வந்திருந்தது. அதற்குப் பிறகும் மிச்சம் இருப்பவை பாம்பு, முள், கருக்குமட்டை.

எங்கள் பக்கத்தில் புடையன் என்று சொல்கிற கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் பெரும்பாலும் கடிப்பது பாதத்திலும் கணுக்காலிலும் கெண்டையிலும்தான். தடித்த துணி பல்லை முழுவதும் தடுக்காது. ஆனால் காலில் இறங்கும் நஞ்சின் அளவைக் குறைக்கும். அமெரிக்காவில் கிலுகிலுப்பைப் பாம்பை ஜீன்ஸ் துணி போர்த்திய பொம்மைக் காலில் கொத்தவைத்துச் சோதித்து, 2009இல் இதை எழுதியிருக்கிறார்கள். வெறுங்காலைவிட ஜீன்ஸ் மேல், ஜீன்ஸைவிட பூட்ஸும் அதற்கு மேல் உறையும் மேல். கடித்தால் கயிறு கட்டுவதும் கீறுவதும் வேண்டாம். கொலுசையும் மெட்டியையும் மோதிரத்தையும் கழற்றி, காலை அசைக்காமல் வைத்து, நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விசகடி வைத்தியரிடம் போய்வரும் நேரம், நஞ்சு முறிப்பு மருந்து ஏற்றியிருக்க வேண்டிய நேரம்.

ஜீன்ஸ் காற்சட்டையின் முழங்காலுக்குக் கீழ்ப் பகுதியை அப்படியே வெட்டினால் பாதி வேலை முடிந்தது. வெளிப்பக்கத் தையலைப் பிரித்து வெல்குரோ வைத்தேன். முன்னுக்கு, லேசை மூடும்படி ஒரு நாக்கு. அதன் நுனியில் சேலைக் கொளுக்கி அல்ல, பெரிய பாவாடைக் கொளுக்கி. அடி வாருக்குத் தோல் கிடைக்கவில்லை. சைக்கிள் ரியூபை வெட்டிப் போட்டேன். அது அறுந்தாலும் புதிது போடச் செலவில்லை. வயலில் தண்ணீர் நிற்கிற நாளில் இதைப் போடவேண்டாம். நனைந்த துணி காலைக் கெடுக்கும், எலிக்காய்ச்சலையும் தடுக்காது. 2024 மார்கழியில் வடமராட்சிப் பக்கம் அந்தக் காய்ச்சல் என்ன செய்தது என்று எல்லாருக்கும் தெரியும். சேற்றுக்கு ரப்பர் பூட்ஸ்தான்.

மாசி மாதம் ஒரு ஞாயிறு, அக்காவும் நானும் சங்கத்தில் இன்னும் இரண்டு பேரும் மயிலிட்டிக்குப் போனோம். வீதியோரக் கல்லில் இருந்து எல்லாரும் காலுறை போட்டோம், ஒருத்தரும் நின்றுகொண்டு போடவில்லை. கத்தியும் கொக்கத்தடியும் எடுத்துக்கொண்டு, அக்காவே முன்னால் போனார். ஒவ்வொரு அடிக்கும் முதல் தடியால் நிலத்தைத் தட்டினார். நாயுண்ணியும் எருக்கலையும் தோளுக்கு மேல். வடலிகள் வழியை மறித்து நின்றன. உடைந்த ஓட்டுக் குவியலுக்குக் கிட்டப் போகும்போது, சீலை கிழிவதுபோல ஒரு சத்தம். நின்றோம். சுருட்டை, செதிலைச் செதிலோடு உரசுகிற சத்தம். ஓட்டின் அடியில் சுருண்டு கிடந்தது. அக்கா தடியால் நிலத்தை இரண்டு தரம் ஊன்றிவிட்டு, "நாங்கள் இஞ்சை இருந்தனாங்கள். நீ போ" என்றார். அது தன்பாட்டில் சற்று நேரம் கழித்துச் சுவரோரமாய்ப் போனது.

வீட்டில் மிச்சம் நின்றது குசினிச் சுவர் மட்டும். மத்தியானம் அளவில் அதன் பின்னால் நாயுண்ணி வேரை வெட்டும்போது கத்தி கல்லில் பட்டது. அம்மாவின் ஆட்டுக்கல். குழவி இல்லை. அக்கா அதன் குழியில் இருந்த மண்ணைக் கையால் வழித்து எடுத்தார். நெடுநேரம் வழித்துக்கொண்டிருந்தார். நாங்கள் வேறு பக்கம் போய் வெட்டினோம்.

பின்னேரம் கிணற்றுக் கட்டில் இருந்து காலுறைகளைக் கழற்றினோம். ஒட்டுப்புல் அப்பிக் கிடந்தது. பிடுங்கி முடிய அரை மணித்தியாலம் ஆயிற்று. அக்காவின் உறையில் கருக்குமட்டை இரண்டு இடத்தில் நீளமாய் வெட்டியிருந்தது. இரண்டும் இடது காலில்.

"சும்மா கிடக்கிற காலிலை வந்து வெட்டியிருக்கு" என்று விரலை விட்டுப் பார்த்தார்.

நான் தாருங்கோ, ஒட்டுப் போட்டுத் தாறன் என்றேன்.

"மற்றதுக்கும் போடு பிள்ளை. ஒரு பக்கம் தடிப்பாய் இருந்தால் நடை பிசகும்."